புதுப்பிப்பு: அக்காவின் மகளுக்கு வளர்ச்சி ஹோர்மோன் ஊசி தேவையா?

வெள்ளவத்தையிலுள்ள அக்காவின் ஏழு வயது மகள் வகுப்பிலேயே மிகக் குட்டையாக இருப்பதாலும், இரத்தப் பரிசோதனையில் ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹோர்மோனின் தூண்டுதலால் ஈரல் சுரக்கும் பொருள்) குறைவாக வந்ததாலும், வளர்ச்சி ஹோர்மோன் ஊசி போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்று சிறுவர் ஹோர்மோன் நிபுணர் கூறிவிட்டார்.

வளர்ச்சிப் பதிவேட்டை விரித்து, உயரக் கோடு தளர்வதற்கு முன்பே நிறைக் கோடு சரியத் தொடங்கியிருந்ததைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். ஹோர்மோன் குறைபாட்டில் பெரும்பாலும் உயரமே பின்தங்கும்; நிறை அந்த அளவுக்குக் குறையாது. நிறை முதலில் சரிந்தால் ஊட்டக் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டுமாம். போதிய சக்தியும் புரதமும் கிடைக்காத உடலில், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி வளர்ச்சி ஹோர்மோனை வழக்கத்தைவிட அதிகமாகவே சுரக்கக்கூடும். ஆனால் ஈரல் அதற்குச் சரிவர இணங்காமல், எலும்பு வளரத் துணைசெய்யும் ஐஜிஎஃப்-1ஐக் குறைத்துவிடுகிறது. இருக்கும் சக்தியை உயரத்துக்குச் செலவிடாமல் உயிர்காக்க ஒதுக்கும் ஏற்பாடு அது. ஆகவே ஐஜிஎஃப்-1 குறைந்திருப்பதை மட்டும் வைத்து ஹோர்மோன் குறைபாடு என்று முடிவுசெய்யக் கூடாது. பட்டினியில் இருக்கும் உடலுக்கு ஊசியால் பெரிய பயனும் இராது. பெற்றோர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

தைரொயிட், சீலியாக் (கோதுமைப் புரதம் ஒவ்வாமல் குடல் பாதிக்கப்படும் நோய்) பரிசோதனைகளுக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முட்டை, நெத்தலி, பருப்பு ஆகியவற்றை அன்றாட உணவில் கூட்டியிருக்கிறோம். நிறை தேறிய பின்னும் உயரம் எழும்பாவிட்டால் மட்டுமே, மருந்து கொடுத்து வளர்ச்சி ஹோர்மோன் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கும் ஹோர்மோன் தூண்டல் பரிசோதனை செய்வார்களாம்.