மறு: மறு: ஹாப்ஸ் போடும் மூன்று வேளைக்கு மூன்று சொல்

பாளையங்கோட்டையிலிருந்து, செவ்வாய் இரவு

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்துக் கொடுக்க வேண்டும். 'வீட்டில் காய்ச்சுவது' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சட்டம் இடம் கொடுக்கிற வெளிநாடுகளில் வீட்டிலேயே பியர் செய்கிறவர்களுக்கானது. பதினொரு பக்கம் ஓடிவிட்டது, பன்னிரண்டில் மாட்டிக்கொண்டேன்.

செய்முறை இதுதான். மால்ட் பாகு, அதாவது முளைவிட்ட தானியத்தின் பாகு, 3 கிலோ. அடுப்பை அணைத்துவிட்டுச் சுடுநீரில் கரைக்கச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் அடிப்பிடிக்குமாம். அப்புறம் கொதிக்க விடுவது. கொதி வந்ததும் ஒரு பங்கு ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ), அது 60 நிமிடம் வேகும். முடிய 15 நிமிடம் இருக்கும்போது இன்னொரு பங்கு. அடுப்பை அணைத்ததும் மூன்றாவது. முதலாவது கசப்புக்கு, இரண்டாவது சுவைக்கு, மூன்றாவது மணத்துக்கு. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் கடைசியில் 19 லிட்டர் வரும். மூன்று வேளைக்கும் மூலத்தில் சின்னச் சின்னப் பெயர் இருக்கிறது. நான் 'கொதி தொடங்கியதும் சேர்க்கப்படும் ஹாப்ஸ்' என்று எழுதினால் அட்டவணைக் கட்டம் உடைகிறது.

இன்னொன்று. இந்த பியர் வகையின் பெயர் 'பேல் ஏல்'. அதை அப்படியே எழுத என் கை வரவில்லை. நம்மூரில் அந்த முதல் சொல் எதைக் குறிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சேரன்மகாதேவியிலிருந்து, புதன் காலை

அம்மா, 'வெளிர் ஏல்' என்று எழுதிவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது. இனி ஹாப்ஸ். ஹகரத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஒலியை மட்டும் எடுப்பதானால் ஹனுமன் அனுமன் ஆனது போல 'ஆப்பு' ஆகும். ஆனால் பொருளறிந்து பெயரிடுவதே சிறப்பு. அது ஒரு கொடியின் பெண்பூங்கொத்து, கசப்பது. ஆகவே 'கசப்பலர்'. முதற்கசப்பலர், இடைக்கசப்பலர், கடைக்கசப்பலர். இலக்கணம் வழுவாது.

மால்ட்டும் நமக்கு அந்நியமில்லை. முளைவிட்ட தானியம் மென்மையாகும். மெல், மெலி, மெல்ட், மால்ட். இதைப் பற்றி நான் முன்பே இரண்டு மடல் எழுதியிருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து, புதன் காலை

ஐயா, மறுக்கவில்லை என்றால் ஒப்புக்கொண்டோம் என்று அர்த்தமில்லை, களைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஆப்பு வேண்டவே வேண்டாம். 'கொதி வந்ததும் ஆப்பு வைக்கவும்' என்றுதான் அது அச்சாகும். கசப்பலர் என்றால், மணத்துக்காக மட்டும் போடுகிற மூன்றாவது பங்கும் கசப்பலரா? போதாததற்கு 'அலர்' என்றதும் எனக்கு ஊரார் வம்புப் பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. 'கசப்புப்பூ' என்று எளிதாக்கினாலும் சிக்கல். சித்திரை மாதம் எந்த வீட்டில் கேட்டாலும் வேப்பம்பூவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

தூத்துக்குடியிலிருந்து, புதன் மதியம்

வேதியியல் வாத்தியார் பேசுகிறேன். பெயருக்கு முன்னால் காரணம். ஹாப்ஸில் உள்ள ஆல்பா அமிலங்கள் அப்படியே நீரில் சரியாகக் கரையாது. நீண்ட நேரம் கொதித்தால் மூலக்கூறின் கட்டமைப்பு மாறி, கரையும் கசப்பாகிறது. மணம் தரும் எண்ணெய்களோ ஆவியாகிப் பறந்துவிடும். ஒரே பொருள்தான். முன்னால் போட்டால் கசப்பு, பின்னால் போட்டால் வாசனை. ஆக சொல் வேளையைச் சொன்னால் போதும், பொருளைத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

கொதிக்கிற அந்தச் சாறை 'ஊறல்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். ஊறல் என்றால் போலீஸ்காரர் தரையில் கொட்டி அழிப்பது. தவிர, ஊறல் நொதித்துக்கொண்டிருப்பது. இது இன்னும் ஈஸ்ட் சேராத இனிப்புச் சாறு. பதநீருக்கும் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் ஒன்று, தடவாவிட்டால் இன்னொன்று.

அம்பாசமுத்திரத்திலிருந்து, புதன் மாலை

அண்ணாச்சி சொன்ன 'வேளை' சரி. வயலில் இதற்கு வார்த்தை இருக்கே. நடவுக்கு முன்னால் போடுவது அடியுரம், பயிர் நின்றபின் போடுவது மேலுரம். அதே யூரியாதான், போடுகிற நேரம்தான் வேறு. ஒரு விவசாயியும் 'நடவுக்கு முன் சேர்க்கப்படும் உரம்' என்று சொல்ல மாட்டார். ஆகவே அடி ஹாப்ஸ், இடை ஹாப்ஸ், மேல் ஹாப்ஸ்.

தங்கச்சி, அந்த ஹாப்ஸ் ரகப் பெயர் ஏதோ கேஸ்கேட் என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். 'அருவி' என்று தமிழாக்கினால் குற்றாலத்துக்காரர்களுக்குச் சந்தோஷம்தான், ஆனால் அது 1972-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ரகம். எங்க ஊர் அம்பை 16 நெல்லை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

தென்காசியிலிருந்து, புதன் இரவு

நீங்கள் எல்லோரும் வயலுக்கும் ஆய்வகத்துக்கும் போகிறீர்கள், அடுப்படிக்கு யாரும் வரவில்லை. மறுவீட்டுக்குச் சொதி வைக்கும்போது என்ன செய்கிறோம்? தேங்காயின் மூன்றாம் பாலில் காய் வேகும், அப்புறம் இரண்டாம் பால், கடைசியில் தலைப்பால். தலைப்பால் விட்டு ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சை பிழிவது இறக்கிய பிறகுதான். 'வேகப் போடுவது, இடையில் போடுவது, இறக்கிப் போடுவது' என்று எழுதினால் படிக்கிறவருக்கு உடனே கை வரும். 'இறக்கிப் போடுவது' என்றாலே அடுப்பு அணைந்துவிட்டது என்று தெரியும். 'மேல்' என்றால் அது தெரியுமா?

தூத்துக்குடியிலிருந்து, புதன் இரவு

மதினி, ஒரு சின்னத் திருத்தம். தலைப்பால் கொதித்தால் திரியும், அதனால் பின்னால் விடுகிறோம். ஹாப்ஸ் திரியாது, மணம்தான் போகும். உவமை ரசத்துக்கே பொருந்தும், கொத்தமல்லித்தழை.

தென்காசியிலிருந்து, புதன் இரவு

உவமையைப் பரிசோதிக்கக் கொடுக்கவில்லை அண்ணாச்சி, வார்த்தையைக் கொடுத்தேன்.

சேரன்மகாதேவியிலிருந்து, வியாழன் அதிகாலை

சொதியில் இறங்கிவிட்டால் நாளை சுக்குக் காப்பிக்கும் வருவீர்கள். கலைச்சொல்லுக்கு ஒரு கட்டுக்கோப்பு வேண்டும். 'வீட்டில் காய்ச்சுவது' என்று தலைப்பு வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அது சாராயத்துக்குச் சொல்வது, பியரை யாரும் வாலையில் (வடிகலத்தில்) இறக்குவதில்லை. சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்' என்றே இருக்கிறது. இல்லில் அட்ட கள், அரிசியில் செய்த தோப்பி. இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? அதே பாட்டில் அரிசிக் கூழை ஆற்றி, 'நல்லடை' கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளைவிக்கும் முறையும் வருகிறது. நல்லடை என்பதற்கு நெல்முளையை இடித்தது என்று நச்சினார்க்கினியர் உரை. அதுதான் மால்ட். மால்ட் பாகை 'முளைப்பாகு' என்றும், கையேட்டை 'இல்லடு நறவு' (நறவு என்றால் மது) என்றும் மாற்றுக.

(தோப்பி என்ற சொல் பற்றித் தனி மடல் இடுகிறேன். தோப்பு, தொப்பை, தோய் மூன்றும் ஒரு வேரே என்பது என் ஊகம்.)

மேலப்பாளையத்திலிருந்து, வியாழன் காலை

முளைப்பாகு அருமை, கை தட்டுகிறேன். கருப்பட்டி காய்ச்சுகிற ஊரில் பாகு என்றால் எந்தப் பதம் என்று குழந்தைக்கும் தெரியும். கேழ்வரகு மால்ட் குடித்து வளர்ந்தவர்களுக்காகப் பக்கத்திலேயே 'மால்ட்' என்று ஒரு தடவை போட்டால் போதும். 'இல்லடு நறவு' மட்டும் வேண்டாம், இல்லாத நறவு என்று படிப்பார்கள். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிற நம் மாநிலத்தில் அதுவும் ஒருவகையில் சரிதான்.

பாளையங்கோட்டையிலிருந்து, வியாழன் மாலை

எல்லோருக்கும் நன்றி. முளைப்பாகு எடுத்துக்கொண்டேன். ஹாப்ஸ் ஹாப்ஸாகவே இருக்கிறது. ஐயா மன்னிக்க வேண்டும். வேளைகளுக்கு அட்டவணையில் அடி, இடை, மேல். செய்முறைப் பத்தியில் 'இறக்கிப் போடுங்கள்'. இரண்டையும் கலந்ததற்கு இரண்டு பக்கமும் திட்டு வரும் என்று தெரியும்.

ஆனால் இப்போதுதான் பதினாறாம் பக்கத்தைப் பார்த்தேன். நொதித்து முடிந்த பியரில், கொதியே இல்லாமல், நான்காவதாக ஒரு பங்கு ஹாப்ஸ் போட்டுச் சில நாள் வைக்கிறார்கள். மூலச்சொல்லை அப்படியே திருப்பினால் 'உலர் ஹாப்ஸ்' ஆகிறது. மற்ற மூன்றும்கூட உலர்ந்தவைதானே?

தென்காசியிலிருந்து, வியாழன் மாலை

பச்சையாகப் போடுவது. கூட்டில் கடைசியாகப் பச்சைத் தேங்காயெண்ணெய் விடுகிறோம் இல்லையா?

தூத்துக்குடியிலிருந்து, வியாழன் மாலை

காயவைக்காமல் பறித்த கையோடு போடும் ஹாப்ஸ் தனியே உண்டு. பச்சை என்றால் அதுவாகிவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, வியாழன் இரவு

ஊற ஹாப்ஸ்?

சேரன்மகாதேவியிலிருந்து, வியாழன் இரவு

ஊறலை வேண்டாம் என்றவர்கள் ஊறப்போட மட்டும் ஒப்புவது என்ன நியாயம்? கடைக்கசப்பலருக்குப் பின் 'ஊழ்க்கசப்பலர்' என்று நான் முதல் மடலிலேயே இடம் விட்டுவைத்திருந்தேன். என் மறுப்பைக் குழுவின் ஆவணத்தில் பதிவு செய்க.