வீட்டு டூல் பாக்ஸுக்கு எந்த பிராண்ட் நல்லது?

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்கென்று ஒரு டூல் பாக்ஸ் சேர்க்கிறேன். ஒரே பெட்டியில் நூறு உருப்படி போட்டு விற்கிற செட் எனக்கு வேண்டாம். அப்படி வந்த ஸ்டார் ஸ்குரூடிரைவர், கதவுக் கீலைக் கழற்றும்போதே நுனி மழுங்கி, ஸ்குரூவின் தலையையும் தேய்த்துவிட்டது. பிடிக்கு மேலே குரோம் வெனேடியம் (உறுதியான எஃகு வகை) என்று அச்சு வேறு.

கட்டிங் பிளையர் 8 அங்குலம், டபாரியாதான். அதில் எனக்குக் குழப்பமே இல்லை. எங்கள் பக்கம் எலெக்ட்ரீஷியன்கள் பையைத் திறந்தால் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

குழப்பமெல்லாம் ஸ்குரூடிரைவரில். டபாரியாவா, ஸ்டான்லியா, இல்லை கூடுதலாகச் செலவழித்து வேரா (Wera) பிராண்ட் வாங்கலாமா? சுவிட்ச் போர்டு வேலைக்கு 1000 வோல்ட் குறியிட்ட இன்சுலேட்டட் (மின்சாரம் கைக்குப் பாயாதபடி உறையிட்ட) வகை தனியாக வேண்டும். பிளாஸ்டிக் பிடி இருந்தாலே போதும் என்று கடையில் சொல்கிறார்கள். உயிர் விஷயம், அதை நான் ஏற்கமாட்டேன்.

ஸ்பானரில் ரிங் வகைதான் எடுக்கப் போகிறேன். நட்டை எல்லாப் பக்கமும் பிடிப்பதால் மூலை தேயாது. வீட்டுக்கு 10, 12, 13, 17 மி.மீ. அளவுகள் போதுமா? அப்புறம், பூட்டு நழுவாத 5 மீட்டர் அளவு டேப் எது?

பல வருடம் கையில் பிடித்து வேலை செய்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். சென்னை பாரிமுனைப் பக்கம் போலி கலக்காத கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.