காகித லாக்புக்கை இனி மூடிவிடலாமா? வடசென்னை விமானிகளின் விவாதம்

கொருக்குப்பேட்டை கோபைலட்:
விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.-வின் ஈ-ஜி.சி.ஏ. இணையதளம் 2021 நவம்பரில் வந்தது. பறந்த மணிநேரத்தை அதில் ஏற்றுகிறோம், ஆபரேட்டர் (விமான நிறுவனமோ பயிற்சிப் பள்ளியோ) ஒப்புதல் கொடுக்கிறார். அதன் பிறகும் ராத்திரி உட்கார்ந்து அதையே லாக்புக்கில், அதாவது பறந்த மணிநேரத்தைக் குறிக்கும் சொந்தப் பதிவேட்டில், பேனாவால் இன்னொரு முறை எழுதுகிறோம். எதற்கு? 2025 பிப்ரவரியில் விமானி உரிமமே மின்னணு வடிவத்துக்கு வந்தாயிற்று. சீனாவுக்கு அடுத்தபடியாக இந்தியாதான் அதைச் செய்தது.

நம்ம ஏரியாக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மணலி, எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்தது. எர்ணாவூரில் என் அத்தை வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரம், மார்க்‌ஷீட் எதையும் காயவைத்துக்கூட மீட்க முடியவில்லை. அங்கே ஒரு லாக்புக் இருந்திருந்தால்? பயிற்சிக் காலத்து இன்ஸ்ட்ரக்டர்களை எங்கே தேடிப் பிடித்து மறுபடி கையெழுத்து வாங்குவது? காகிதத்தை நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி.

பெரம்பூர் இன்ஸ்ட்ரக்டர்:
தம்பி, வெள்ளத்துக்குப் பயந்தால் புத்தகத்தை மேல்தட்டில் வையுங்கள், பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேன் எடுங்கள். எழுதுவதை ஏன் நிறுத்த வேண்டும்? 1937 விமான விதிகளின் 67ஏ, சொந்த லாக்புக் வைத்திருக்கும் பொறுப்பை விமானியிடம்தான் கொடுத்திருக்கிறது. அது கம்பெனியின் பதிவேடு அல்ல, உங்களுடையது.

இன்னொன்றும் சொல்கிறேன். காகிதத்தில் தப்பு வந்தால் ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் போடுகிறோம். பழைய எண்ணும் தெரியும், திருத்தியவர் யார் என்பதும் தெரியும். போனில் இருக்கும் ஆப்பில் 1.2 மணி என்பதை 2.1 மணி என்று மாற்றினால், மாற்றிய சுவடு யார் கண்ணில் படும்? மாணவர்கள் சோலோ (தனியாகப் பறப்பது) போய்விட்டு வந்ததும் அவர்கள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்தக் கையெழுத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். வார முடிவில் மொத்தமாக வந்து நிற்கும் பட்டியலைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும்போது அந்தப் பொறுப்பு மனதில் ஏறுவதில்லை.

திருவொற்றியூர் எஃப்.ஓ.:
சார், உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இதை ஏற்க மாட்டேன். 2011-இல் நாடு முழுக்க விமானி உரிமங்களைத் தோண்டிப் பார்த்தார்களே, அப்போது பறக்காத மணிநேரத்தைப் பறந்ததாக எழுதிய கதை வெளியே வந்தது. எல்லாம் காகிதம்தான், எல்லாவற்றிலும் மையில் கையெழுத்து இருந்தது. ஒரே விமானம் ஒரே நேரத்தில் இரண்டு மாணவர்களின் புத்தகத்தில் பறந்தால், அந்த இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. எல்லாப் பதிவும் ஓரிடத்தில் இருந்தால் கணினி அதை உடனே காட்டிக் கொடுக்கும்.

எழுத்துப் பிழையையும் பாருங்கள். பதிவு யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில். காலை 4.30-க்குச் சென்னையில் கிளம்பினால் யு.டி.சி.-யில் அது முந்தின நாள் 23.00. தூக்கக் கலக்கத்தில் தேதி ஒரு வரியில் மாறும். இரவு (நைட்) கட்டத்தில் போக வேண்டியது பகல் (டே) கட்டத்தில் போகும். பக்க மொத்தம் தப்பாகி, அந்தத் தப்பு அடுத்த பக்கத்துக்குத் தாவும். கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1500 மணி காட்ட வேண்டிய நாளில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுவடு பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அமெரிக்காவின் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2002-லேயே மின்கையெழுத்துக்கு வழிகாட்டி வெளியிட்டது. கையெழுத்து அந்த ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டும், போட்டவர் பிறகு மறுக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆக, மோசமான ஆப்பை ஒதுக்குங்கள். அதற்காகக் காகிதத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை.

காசிமேடு பையன்:
அக்கா, அண்ணா, நீங்க ரெண்டு பேரும் ஏர்லைன்ல இருக்கீங்க. அங்க ரோஸ்டர் (டூட்டி அட்டவணை) ஓடுது, ஒப்புதலும் தானா வந்துடும். எங்க நிலைமை வேற. சி.பி.எல்.-க்கு, அதாவது வணிக விமானி உரிமத்துக்கு, 200 மணி வேணும், அதுல 100 மணி பி.ஐ.சி., அதாவது விமானத்துக்கு நாமே பொறுப்பா இருந்து பறந்தது. அந்த மணிநேரத்தை நான் தளத்துல ஏத்தலாம், ஆனா பள்ளி ஒப்புதல் கொடுத்தாதான் அது கணக்கு. என்கூட படிச்ச ஒருத்தன் ஃபீஸ் தகராறுல வேற பள்ளிக்கு மாறினான். பழைய பள்ளிக்காரங்க அவன் பதிவுகளை அப்படியே நிலுவையில போட்டு வெச்சாங்க. அவங்க அம்மா நகையை வெச்சுப் பறந்த மணிநேரம் அது. அவன் கையில இருந்த ஒரே ஆதாரம், ஒவ்வொரு சார்ட்டிக்கும் (ஒரு தடவை பறந்துட்டு வர்றது) இன்ஸ்ட்ரக்டர் அன்னன்னைக்குக் கையெழுத்துப் போட்ட புத்தகம். அதைக் காட்டித்தான் சண்டை போட்டான்.

எங்க அப்பா கப்பல்ல வேலை செஞ்சவர். ஏறினது இறங்கினது எல்லாம் கம்பெனி இணையத்துல ஏத்துது. இருந்தாலும் சி.டி.சி.-யில, அதான் கப்பல்காரங்க கையில இருக்குற பணிப் புத்தகத்துல, கேப்டன் முத்திரை விழாம அவர் இறங்குறதுக்குக் கேங்வேல (கப்பல் ஏணிப் பாலம்) கால் வைக்க மாட்டார். ராயபுரத்துல எந்தக் கப்பல்காரர் வீட்ல கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க.

கொருக்குப்பேட்டை கோபைலட்:
தம்பி, அது பள்ளியின் அயோக்கியத்தனம். காகிதம் மட்டும் இருந்த காலத்திலும் சீஃப் இன்ஸ்ட்ரக்டர் சான்று தராமல் இழுத்தடித்த பள்ளிகள் உண்டு. அதற்கு மருந்து, ஒப்புதலுக்குக் கெடு வைப்பது. இத்தனை நாளில் பதில் வராவிட்டால் பதிவு தானாகவே டி.ஜி.சி.ஏ.-க்குப் போக வேண்டும், நிராகரித்தால் காரணத்தை எழுத வேண்டும்.

காசிமேடு பையன்:
அந்தக் கெடு விதியில வரட்டும்ணா, அன்னைக்கு நானும் உங்க பக்கம் வர்றேன். இன்னைக்கு அது இல்லையே. விதி வர்றதுக்கு முன்னாடியே காகிதத்தை நிறுத்தச் சொன்னா, மாட்டப்போறது மாணவங்கதான்.

திருவொற்றியூர் எஃப்.ஓ.:
இந்த ஒரு இடத்தில் தம்பி சொல்வது சரி. பயிற்சி மணிநேரத்துக்கு மட்டும் சார்ட்டிவாரிக் கையெழுத்து தொடரட்டும். உரிமம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த பிறகும் கையால் எழுதச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அங்கே விமானச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை (சாக்ஸ்) எடுத்த நேரமும் போட்ட நேரமும் கம்பெனிப் பதிவில் தனியாக இருக்கிறது.

பெரம்பூர் இன்ஸ்ட்ரக்டர்:
நான் என் கருத்திலிருந்து நகரவில்லை, ஏர்லைன் ஆட்களும் எழுதத்தான் வேண்டும். ஆனாலும் மாறியே தீருவேன் என்பவர்கள் இதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். காகிதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் டூயல் (இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தது), பி.ஐ.சி., நைட், இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது) என்று தனித்தனியாக மொத்தம் போட்டு, தேதியோடு சான்று வாங்குங்கள். மின்பதிவின் முதல் வரியில் அதே எண்கள்தான் இருக்க வேண்டும். ஒரு தசமம் பிசகினாலும் பிற்பாடு நேர்முகத்தில் அதைத்தான் பிடிப்பார்கள். பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மாதாமாதம் பதிவைத் தரவிறக்கி, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றை வெளியூரில் இருக்கும் சொந்தக்காரரிடமும் வையுங்கள். கொருக்குப்பேட்டை தம்பி, உங்கள் பயிற்சிக் காலப் பக்கங்களை ஸ்கேன் எடுத்துவிட்டீர்களா? மழைக்காலத்துக்கு முன் முடித்துவிடுங்கள்.