தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால், ஏன் அதிகம் என்று கேளுங்கள்

புது நாட்டுக்கு வந்த முதல் வருடத்தில் தூக்கம் கெடுவதும், படபடப்பதும், உடம்பு இளைப்பதும் பலருக்கு நடக்கிறது. இடம் மாறிய டென்ஷன் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது, விரல் நடுங்குகிறது, மற்றவர்கள் குளிர்கிறது என்னும்போதும் உங்களுக்கு வியர்க்கிறது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் இதயம் வேகமாக அடிக்கிறது என்றால் தைராய்டு ரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுங்கள். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் மிகக் குறைந்து, தைராய்டு ஹார்மோன்களான ஃப்ரீ டி4 அல்லது ஃப்ரீ டி3 கூடியிருந்தால் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் அதிகம் என்று பொருள்.

அது பாதி விடைதான். ஹார்மோன் ஏன் கூடியது என்று தெரியாமல் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கலாம். அல்லது புதிதாக எதுவும் சுரக்காமல், வீக்கத்தால் சுரப்பி சேதமாகி, சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் கசியலாம். குழாய் திறந்து கிடப்பதும் தொட்டி ஒழுகுவதும் ஒன்றல்ல. முதல் வகைக்குக் கார்பிமசோல், மெத்திமசோல் போன்ற மாத்திரைகள் வேலை செய்யும். இரண்டாவதில் அவற்றால் பயனே இல்லை. படபடப்பைக் குறைக்க பீட்டா பிளாக்கர் மட்டும் கொடுத்துக் காத்திருப்பார்கள், பெரும்பாலும் தானாகவே அடங்கும்.

மிகையாகச் சுரப்பதற்கு முக்கியமான காரணம் கிரேவ்ஸ் நோய். உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே சுரப்பியைத் தூண்டிவிடும். கண் துருத்துவது, கண்ணில் உறுத்தல், கழுத்து முழுக்க சீரான வீக்கம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். டிராப் என்ற ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக வந்தால் பெரும்பாலும் வேறு சோதனை தேவைப்படாது. இன்னொரு காரணம், சுரப்பியில் உள்ள ஒரு கட்டியோ பல கட்டிகளோ கட்டுப்பாடில்லாமல் சுரப்பது. வயதானவர்களிடம் இது அதிகம்.

டிராப் நெகட்டிவ் என்றாலோ, கழுத்தைத் தொட்டுப் பார்க்கும்போது கட்டி தட்டுப்பட்டாலோ அப்டேக் ஸ்கேன் எடுப்பார்கள். சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, சுரப்பி அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் இது. கிரேவ்ஸ் என்றால் சுரப்பி முழுக்க அதை உறிஞ்சும், கட்டி என்றால் அந்த இடம் மட்டும் உறிஞ்சும், கசிவு என்றால் கிட்டத்தட்ட எதுவுமே உறிஞ்சாது. கதிரியக்கப் பொருள் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இந்த ஸ்கேன் எடுப்பதில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு உள்ள பெரிய சிக்கல் வேறு: இங்கே டாக்டரிடம் உங்கள் பழைய கதை எதுவுமே இல்லை. அதை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பழைய தைராய்டு ரிப்போர்ட் இருந்தால் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். எப்போதிலிருந்து மாறியது என்பது அதில்தான் தெரியும். மாத்திரைகளை பிராண்ட் பெயரில் சொன்னால் புரியாது, மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டு குறைவுக்கு ஏற்கெனவே தைராக்ஸின் சாப்பிடுகிறவர் என்றால், டோஸ் கூடிப்போனதே காரணமாக இருக்கலாம். சீரற்ற இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோனும் ஹார்மோனைக் கூட்டலாம். அண்மையில் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதிலுள்ள அயோடின் தைராய்டைக் கிளறிவிடலாம், சில வாரங்களுக்கு அப்டேக் ஸ்கேன் முடிவையும் குழப்பும்.

கடந்த ஒரு வருடத்தில் குழந்தை பிறந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு ஹார்மோன் கசிந்து முதலில் கூடும், அப்புறம் குறையும், பலருக்குப் பிறகு சரியாகிவிடும். ஜுரம், தொண்டைவலி வந்து சில வாரங்களில் கழுத்தின் முன்புறம் தொட்டாலே வலித்தால் அதுவும் கசிவு வகையாக இருக்கலாம். உடம்பில் வீக்கம் இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அளவு நன்றாக உயர்ந்திருக்கும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அதிக டோஸ் பயோட்டின் சில லேப் கருவிகளின் கணக்கையே மாற்றிவிடும். டிஎஸ்ஹெச் குறைவாகவும், டி4 அதிகமாகவும், டிராப் கூட பாசிட்டிவாகவும் வரலாம். இல்லாத கிரேவ்ஸ் நோய்க்கு மருந்து எழுதும் நிலை வந்துவிடும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள், டோஸ் அதிகம் என்றால் இன்னும் முன்பே. டாக்டரிடமும் சொல்லுங்கள்.

ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால், அதற்குள் டிராப் பரிசோதனையை எடுத்துவிடலாமா என்று குடும்ப டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், மருந்துத் தேர்வே மாறும். கார்பிமசோல் தொடங்கிய பிறகு ஜுரமோ தொண்டைவலியோ வந்தால் சாதாரண சளி என்று காத்திருக்காதீர்கள். அபூர்வமாக அந்த மருந்து வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.