மூன்று நாள் கூட்டத்துக்கு ஐரோப்பாவுக்குப் பறப்பது நியாயமா?

கெலுகோர்க்காரி:
பினாங்கில் டெங்கி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஆய்வுக் கூட்டணி அடுத்த மாதம் ஐரோப்பாவில் கூடுகிறது. கரிம உமிழ்வைக் குறைப்பதற்காக ஆசியாவில் இருப்பவர்கள் திரை வழியாகவே கலந்துகொள்ள வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை மூன்று. அவர்கள் இரவு உணவுக்குக் கிளம்பும்போது எனக்கு நள்ளிரவு. அடுத்த ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதெல்லாம் தேநீர் இடைவேளையில்தான். அந்த நேரத்தில் என் திரையில் காலி நாற்காலிகள்தான் தெரியும். இதுவரை ஒரு முறைகூட வெளிநாடு போகாத நான்தான் பூமியைக் காப்பாற்ற வேண்டுமா?

செந்தூலான்:
தங்கச்சி, கோபம் புரிகிறது. ஆனால் வெயில் ஏறினால் கொசுவுக்குள் டெங்கிக் கிருமி வேகமாக வளர்கிறது என்று எழுதுகிறவரே நீங்கள்தானே. கூட்டத்துக்குப் போவது ஆய்வு அல்ல. கோவிட் காலத்தில் எல்லாக் கூட்டமும் திரையில்தான் நடந்தது, அறிவியல் நின்றுவிடவில்லை.

கெலுகோர்க்காரி:
1999-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங் அமெரிக்காவுக்குப் பறக்காமல் இருந்திருந்தால்? அப்போது பரவிய நோயை எல்லோரும் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுப்புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மாதிரியைக் கையோடு கொண்டுபோனதால்தான் நிப்பா என்ற புதிய கிருமி தெரிந்தது. அந்தப் பரவலில் நம் நாட்டில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

செந்தூலான்:
அவர் பெட்டியில் இருந்தது கிருமி, உங்கள் பெட்டியில் இருக்கப்போவது ஆய்வை விளக்கும் சுவரொட்டி. நிப்பாவின் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

பழைய கொசுப்படை:
தம்பி, பேச்சில் கொஞ்சம் தன்மை வேண்டும். இருந்தாலும் இருவரும் விமானத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று 49 நாடுகளில் 10,000 நோயாளிகளிடம் நடந்த கிராஷ் ஆய்வுக்கு 2007-இல் கணக்குப் போட்டார்கள். மொத்தம் சுமார் 630 டன் கரிம உமிழ்வு. அதில் மிகப் பெரிய பங்கு பயணத்துக்கு அல்ல, ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு. அந்த மருந்தால் சாவு கூடுகிறது என்று கண்டுபிடித்ததும் அதே ஆய்வுதான். அந்த 630 டன்னை வீண் என்பீர்களா?

செந்தூலான்:
இதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன், எனக்குத் தெரியும். மாதிரிகளை உறைய வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்று ஒரு வீட்டின் அளவுக்கு மின்சாரம் குடிக்கும். தீபகற்ப மலேசியாவில் அந்த மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும்தான். மைனஸ் 70-க்கு மாற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும், பெரும்பாலான மாதிரிகளுக்கு ஒன்றும் ஆகாது. எங்களிடம் யாருடையது என்றே தெரியாத குப்பிகள் பத்து ஆண்டுகளாக உறைந்து கிடக்கின்றன. தூக்கிப் போடச் சொன்னால் பேராசிரியர்கள் பிள்ளையைக் கேட்டது போலப் பதறுகிறார்கள்.

கெலுகோர்க்காரி:
அப்படியானால் நான் போகலாமா, அண்ணா?

செந்தூலான்:
முதலில் இதைச் சொல்லுங்கள். உங்கள் மேற்பார்வையாளர் இந்த ஆண்டு எத்தனை முறை பறந்தார்?

கெலுகோர்க்காரி:
நான்கு முறை. அடுத்த மாதக் கூட்டத்துக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். அவர் பேச்சாளராம், கடிதம் அவருக்குப் பொருந்தாதாம்.

செந்தூலான்:
அந்த டிக்கெட்டைக் கேளுங்கள்.

கெலுகோர்க்காரி:
கேட்கலாம். ஃப்ரீசர் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது.