ஜாப்ளினோட 'ரெட் பேக் புக்' ரெக்கார்டு: இந்த வாத்திய அமைப்பு யார் எழுதினது?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ராக்டைம்னா (ஜாஸுக்கு முன்னாடி, 1900 வாக்குல அமெரிக்காவுல ஓடின, தாளம் தள்ளித் தள்ளி விழுற இசை) எனக்கு இதுவரைக்கும் தனி பியானோ தான், அதை எழுதினவங்கள்ல பெரிய ஆளான ஸ்காட் ஜாப்ளினோட மெட்டுகளை பியானோ கலைஞர் ஜாஷுவா ரிஃப்கின் 1970ல வாசிச்சுப் போட்ட ரெக்கார்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. போன வாரம் குந்தர் ஷுல்லர் நடத்தின நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி (இசைக் கல்லூரி) ராக்டைம் குழு 1973ல வாசிச்ச 'தி ரெட் பேக் புக்' எல்பி கையில கிடைச்சுது. அதே ஜாப்ளின், ஆனா ஃப்ளூட், கிளாரினெட், கார்னெட் (சின்ன ட்ரம்பெட் மாதிரி), வயலின்னு ஒரு சின்ன செட்டு. அதுக்கப்புறம் வீட்ல வேற எதுவும் ஓடல. இந்த அமைப்பெல்லாம் ஷுல்லரே எழுதினதா, இல்ல அந்தக் காலத்துலயே இப்படித்தான் வாசிச்சாங்களா?

பதில் 1:
அந்தக் காலத்துதுதாங்க. ஜாப்ளினோட பப்ளிஷர் ஜான் ஸ்டார்க் டான்ஸ் ஹால், தியேட்டர்ல வாசிக்கிற சின்ன குழுக்களுக்காக அச்சடிச்சு வித்த இசை நோட்டுத் தொகுப்பு அது. உண்மையான பேரு 'ஸ்டாண்டர்ட் ஹை-கிளாஸ் ராக்ஸ்', அட்டை சிவப்பா இருந்ததால வாசிக்கிறவங்க வாயில ரெட் பேக் புக் ஆயிடுச்சு. அப்புறம் ராக்டைம் மவுசு போச்சு, ஜாப்ளின் 1917ல போய் சேர்ந்துட்டார், நோட்டும் கிடைக்காத பொருளாச்சு. ஜாப்ளின் படைப்புகளைத் தொகுத்த வேரா பிராட்ஸ்கி லாரன்ஸ் வழியா தான் ஒரு காப்பி ஷுல்லர் கைக்கு வந்துது, அவர் அப்போ பாஸ்டன்ல அந்த கன்சர்வேட்டரிக்குத் தலைவர், அங்க படிச்சிட்டு இருந்த பசங்களையே உட்கார வச்சு வாசிச்சார். மாணவர்கள் வாசிச்ச ரெக்கார்டு சேம்பர் மியூசிக் பிரிவுல கிராமி வாங்குச்சுன்னா பாத்துக்கோங்க!

பதில் 2:
வேகத்தைக் கவனிச்சீங்களா? ராக்டைமை வேகமா வாசிக்கவே கூடாதுன்னு ஜாப்ளின் தன் நோட்டுலயே அச்சடிச்சு வச்சிருந்தார், ஆனா ரொம்ப நாளா எல்லாரும் காமெடி படத்து துரத்தல் சீன் மாதிரி தடதடன்னு தான் வாசிச்சாங்க. பியானோவுல இடது கை ஒண்ணே கீழ ஒரு சுரம் மேல ஒரு கார்டுன்னு (chord, சேர்ந்து ஒலிக்கிற பல சுரங்கள்) தாவித் தாவி தாளத்தையும் பிடிக்கணும், குழுவுல அந்த வேலையை பேஸும் ட்ரம்ஸும் எடுத்துக்குது, அதனால மெட்டு அவசரமில்லாம பாட முடியுது. ஜாப்ளினோட 'மேப்பிள் லீஃப் ராக்'ல மூணாவது பகுதி வரும்போது சுருதி மாறும் பாருங்க, அந்த இடத்தை பியானோவுலயும் இதுலயும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. எனக்கு இன்னமும் பியானோ தான் மேல, ஆனா அந்த ஒரு இடத்துல குழுவுக்கு தான் என் ஓட்டு.

பதில் 3:
ஷுல்லருக்கு முன்னாடியே நியூ ஆர்லியன்ஸ் ராக்டைம் ஆர்கெஸ்ட்ரா 1967ல ஆரம்பிச்சாச்சு, ஸ்வீடன்ல இருந்து வந்த லார்ஸ் எடேக்ரன் நடத்தினார், அதையும் தேடிக் கேளுங்க. பலரும் ஜாப்ளின் மெட்டுகளைப் போட்ட 'தி ஸ்டிங்' படத்தால தான் அவர் இசைக்குத் திரும்ப மவுசு வந்துதுன்னு சொல்லுவாங்க, படம் வந்தது 1973 கடைசில, இந்த ரெக்கார்டுகள் எல்லாம் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பதில் 2 சொன்ன மாதிரி இப்பதான் ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டேன், மூணாவது பகுதில பேஸ் மேல காதை வச்சுக் கேட்டா மெட்டு எவ்ளோ நிதானமா நடக்குதுன்னு புரியுது. நாளைக்கு எடேக்ரன் ரெக்கார்டைத் தேடப் போறேன்.