எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பிறந்தது மெட்ராஸில்தான்: எந்த ஏடு அதை நிரூபிக்கும்?

ஏட்டுப்புழு:
'ரிலீஸ் மீ' பாடகர். இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்சி, 1936 மே 2, மெட்ராஸ். யாருக்காவது சந்தேகம் இருந்தால் பிரிட்டனின் 1939 மக்கள் பதிவேட்டில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் இந்தியாவில் பிறந்தவர் என்று முடிவு செய்துவிடலாமே?

பழந்தாள்:
முடியாது சார். அந்தப் பதிவேடு 1939 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்தவர்களை மட்டுமே எழுதியது. பிறந்து 100 வருடம் ஆகாதவர்களின் வரி, இறப்பு உறுதியானால் ஒழிய, மூடியே இருக்கும். இங்கிலாந்தின் லெஸ்டரிலேயே 1936-இல் பிறந்த குழந்தையின் பெயர்கூட அதில் உங்கள் கண்ணில் படாது.

ஏட்டுப்புழு:
சரி, பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் (இந்திய ஆட்சியைக் கவனித்த லண்டன் அலுவலகம்) ஆவணத்துக்கே போவோம். மெட்ராஸ் மாகாணத்துக்கு என்/2 வரிசை. அதில் பெயர் கிடைத்தால் விவாதம் முடிந்தது.

பழந்தாள்:
அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அது பிறப்புப் பதிவு அல்ல, ஞானஸ்நானப் பதிவு. தேவாலயப் புத்தகத்தைப் பார்த்து எழுதி லண்டனுக்கு அனுப்பிய நகல். அட்டவணையில் 'மெட்ராஸ்' என்று இருந்தாலும் அது மாகாணத்தைக் குறிக்கலாம். பெங்களூர் கன்டோன்மென்ட்டும் நீலகிரி வெல்லிங்டனும் அதே வரிசையில்தான் வரும். மூலப் பக்கத்தைத் திறந்து ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி, குடியிருந்த இடம், தகப்பனார் வேலை என்று கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டும். சில மாதம் தள்ளி ஞானஸ்நானம் நடந்திருக்கும், அதனால் 1936-இல் நிறுத்தாமல் 1938 வரை தேடுங்கள்.

கப்பல்காரன்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தகப்பனார் மெர்வின் டோர்சி பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். அப்படியானால் லண்டன் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் ராணுவப் பிறப்பு அட்டவணையையும் (1881–1955) பார்க்க வேண்டும். ஒரே குழந்தை இரண்டிலும் இருக்கலாம், ஒன்றில் மட்டும் இருக்கலாம். அந்த அட்டவணையில் முகாம், வருடம், பக்க எண்தான் கிடைக்கும். அதை வைத்துச் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும்.

ஏட்டுப்புழு:
குடும்பம் அவருக்குப் பத்து வயதில் லெஸ்டர் போனது. கப்பல் பட்டியல் போதாதா?

கப்பல்காரன்:
பிரிட்டனுக்கு வந்து இறங்கிய பயணிகளின் கப்பல் பட்டியலில் (பி.டி. 26 வரிசை) வயதும் போகும் முகவரியும் இருக்கும், பிறந்த ஊருக்கு அது சாட்சி இல்லை. துருப்புக் கப்பலில் வந்திருந்தால் பெயரே பெரும்பாலும் இராது.

பழந்தாள்:
தேடும்போது டோர்சி என்றே போடுங்கள், எழுத்து மாறிய வடிவங்களையும் சேர்த்து. மேடைப்பெயர் 1965-இல் மேலாளர் கார்டன் மில்ஸ் சூட்டியது. அதைப் போட்டால் அதே பெயர் கொண்ட, 1921-இல் இறந்த ஜெர்மானிய இசையமைப்பாளர்தான் வந்து நிற்பார்!